உயரமா, வழியா? கல்லடி மணற்றிட்டின் ஆழிப்பேரலை இடர்வரைபடங்கள் குறித்து ஒரு மறுப்பு

கிழக்கிலங்கைக் கரையோரத்தின் ஆழிப்பேரலை இடரைப் புவியியல் தகவல் முறைமை கொண்டு வரைந்த ஆய்வுகளுக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு வழக்கமான அமைப்பு ஏற்பட்டுவிட்டது. நில உயரம், சரிவு, கடலிலிருந்து உள்ள தூரம், நிலப்பயன்பாடு, குடியடர்த்தி என ஐந்தாறு படைகளை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு படையும் தரங்களாக வகுக்கப்பட்டு, அதற்கொரு நிறை கொடுக்கப்பட்டு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டப்படுகின்றன. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் கல்லடி மணற்றிட்டுக்கு இம்முறையைப் பொருத்தினால் கடலோரம் சிவக்கும்; உள்ளே போகப்போக மஞ்சளாகும்; நடுவில் பாதுகாப்பானவை எனக் காட்டும் சில பச்சைத் திட்டுகள் மிதக்கும். அந்தப் பச்சைத் திட்டுகளே இக்கட்டுரையின் பொருள். அவை நிலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதும், கல்லடிக்குள் ஒருவருடைய ஆபத்தை இன்னொருவருடையதிலிருந்து வேறுபடுத்துவது அவர் நிற்கும் இடத்தின் உயரத்தைவிட அவர் மணற்றிட்டை விட்டு வெளியேற எடுக்கும் நேரமே என்பதும் என் வாதம்.

இம்முறை கடற்கரையில் பிறந்ததன்று. மலையில் மண்சரிவுக்காக வளர்க்கப்பட்டது. இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் மேற்கொண்ட மண்சரிவு வலயப்படுத்தலே இந்நாட்டு ஆய்வாளர் பலருக்கு முன்மாதிரி. அதில் சரிவுக்கு 25, பாறையமைப்புக்கு 20, நீரியலுக்கு 20, நிலப்பயன்பாட்டுக்கு 15, மேற்படை மண்ணுக்கு 10, நிலவுருவுக்கு 10 என நூறு புள்ளிகள் பகிரப்பட்டன. மலைநாட்டில் இப்பகிர்வுக்குப் பொருள் உண்டு. பதுளையிலோ கேகாலையிலோ ஒரு மலைச்சரிவின் அடிக்கும் முடிக்கும் இடையில் நூற்றுக்கணக்கான மீற்றர் உயர வேறுபாடு இருக்கிறது. 30 மீற்றர்க் கட்டவலையில் அடுத்தடுத்த இரு கட்டங்களின் உயரத்தில் 3 மீற்றர் பிழை நேர்ந்தால் கணக்கிடும் சரிவு கூடியபட்சம் ஏறத்தாழ 6 பாகை பிசகும். 35 பாகைச் சரிவை 31 என்றோ 39 என்றோ படித்தாலும் அது ஆபத்தான சரிவாகவே பதிவாகும். கல்லடியில் உண்மைச் சரிவு பெரும்பாலான இடங்களில் ஒரு பாகைக்கும் குறைவு. அங்கே அதே 3 மீற்றர்ப் பிழை வந்தால் படத்தில் தெரியும் சரிவு முழுவதும் பிழையே. தரவு முழு எண்களில் மட்டும் பதியப்படுகிறது என்றால் அடுத்தடுத்த கட்டங்களுக்கிடையில் சுழியம் அல்லாத மிகச் சிறிய சரிவே 1.9 பாகை ஆகிவிடும். மலையில் தகுதியோடு வாங்கிய நிறையைக் கடற்கரைக்கு இறக்கியவர்கள், நிறையின் அளவை மாற்றினால் போதும் என்று எண்ணினார்கள். சரிவு என்ற படையே இங்கே அளக்க முடியாதது என்பதைக் கவனிக்கவில்லை.

சரிவு போகட்டும், உயரமாவது தேறுமா? இவ்வகை வரைபடங்களுக்கு மிகப் பரவலாகப் பயன்படும் மூலம் எஸ்.ஆர்.டி.எம். எனப்படும் இலக்க உயரத் தரவு. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்களில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ராடார் கொண்டு அளந்து திரட்டியது. முதலில் 90 மீற்றர்க் கட்டவலையாகவும், 2014 செப்டெம்பரிலிருந்து படிப்படியாக 30 மீற்றர்க் கட்டவலையாகவும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. புவி அறிவியலுக்கு அது செய்த தொண்டை நான் குறைக்க வரவில்லை. ஆனால் அதன் வடிவமைப்பு இலக்கே 90 விழுக்காட்டு நம்பிக்கை மட்டத்தில் 16 மீற்றர் நிலைக்குத்துப் பிழைக்குள் இருப்பது. பின்னர் கண்டந்தோறும் சோதித்தபோது இலக்கைவிட நன்றாக, ஏறத்தாழ 6 முதல் 9 மீற்றருக்குள் பிழை அடங்கியது கண்டு துறை மகிழ்ந்தது. மலைக்கு அது போதும். கல்லடி மணற்றிட்டின் நிலமோ பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 5 மீற்றருக்குள் அடங்கிவிடுவது. அளக்கும் கோலின் நடுக்கம் அளக்கப்படும் பொருளைவிடப் பெரிதாக இருக்கும் நிலை இது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் சமவுயரக்கோடுகளின் இடைவெளி 20 மீற்றர். கல்லடியை ஒரு கோடும் தொடாது. அந்த வெற்றிடம் நேர்மையானது. எஸ்.ஆர்.டி.எம். அதே வெற்றிடத்தை எண்களால் நிரப்பிவிடுகிறது.

பிழை எங்கும் ஒரே சீராகவாவது இருந்தால் படத்தின் ஒப்பீடு பிழைத்துக்கொள்ளும். எல்லாக் கட்டமும் 4 மீற்றர் உயர்ந்து தெரிந்தால் எது மேடு எது பள்ளம் என்ற வரிசை மாறாது. சிக்கல் என்னவென்றால் பிழை நிலத்தின்மேல் எது நிற்கிறதோ அதைப் பின்பற்றிப் போகிறது. அந்த ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்ரிமீற்றர், அடர்ந்த இலைத்தொகுதியை ஊடுருவித் தரையைத் தொடாது. தென்னந்தோட்டத்தில் அது தரைக்கும் கீற்றுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்திலிருந்து திரும்பும். நெருங்கி நிற்கும் சவுக்கிலும் அப்படியே. ஓட்டுக்கூரையிலும் கொங்கிறீற்றுத் தளத்திலும் அந்தந்த மேற்பரப்பிலிருந்தே திரும்பும். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி இப்பகுதியின் தென்னைகளைப் பெருமளவு சாய்த்தது. அதற்குப் பின் வைத்த கன்றுகள் 2000 பெப்ரவரியில் இருபது வயதை எட்டிய நெடுமரங்கள். விண்ணோடம் மேலே கடந்த நாளில் மணற்றிட்டின் வடபகுதியில் உள்ள நாவலடியிலும் டச்பாரிலும் குடியிருப்பும் தோட்டமும் இருந்தன. நாலே முக்கால் ஆண்டுக்குப் பின், 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலை அவற்றைத் துடைத்தெடுத்தது. நாவலடியில் எஞ்சியவர்களில் பலர் வேறிடமான திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆக, 2004க்குப் பிந்திய இடர்வரைபடம் ஒன்று இத்தரவைத் திருத்தாமல் எடுத்துக்கொள்ளும்போது, அழிந்துபோன ஊரின் கூரைகளையும் மரமுடிகளையும் நிலத்தின் மேடுகள் என்று படித்து, அங்கே பச்சை பூசுகிறது. தோட்டம் அடர்ந்த இடம் பாதுகாப்பானதாகவும், வெறுமணல் கிடந்த இடம் ஆபத்தானதாகவும் மாறிவிடுகிறது. நிலப்பயன்பாட்டுப் படையில் இதே மரங்களுக்கு மறுபடி ஒரு தடுப்பு மதிப்பும் கொடுக்கப்பட்டால் ஒரே தென்னை இரண்டு முறை எண்ணப்படுகிறது. படைகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அடிப்படையில்தான் கூட்டலே நடக்கிறது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

உயரம் எதிலிருந்து எண்ணப்படுகிறது என்ற கேள்வியும் உண்டு. எஸ்.ஆர்.டி.எம். உயரங்கள் உலகளாவிய புவிமட்ட மாதிரி ஒன்றைச் சார்ந்தவை; ஊரின் சராசரிக் கடல்மட்டத்தை நேரடியாகச் சார்ந்தவையல்ல. புவிமட்டம் நீள்வட்டக் கோளப் பரப்புக்குக் கீழே மிக ஆழமாக, ஏறத்தாழ 106 மீற்றர் வரை, தாழும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அதனால்தான் திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். கருவியைக் கல்லடிக் கடற்கரையில் வைத்தால் நாம் கடல்மட்டத்துக்குப் பல பத்து மீற்றர் கீழே நிற்பதாகக் காட்டும். பெரிய எண் யாருக்கும் தெரிந்துவிடும், யாரும் ஏமாறமாட்டார்கள். புவிமட்ட மாதிரிக்கும் உள்ளூர்க் கடல்மட்டத்துக்கும் இடையில் எஞ்சக்கூடிய ஒரு மீற்றர் அளவான விலகல்தான் கண்ணில் படாமல் போகிறது. அந்த ஒரு மீற்றர் கல்லடியில் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள முழு இடைவெளி.

இவ்வரைபடங்களை ஆதரிப்போர் வழக்கமாக முன்வைக்கும் சான்று, அவற்றின் சிவப்பு வலயம் 2004இல் நீர் ஏறிய பகுதியோடு நன்கு பொருந்துகிறது என்பது. பொருந்துவதை நான் மறுக்கவில்லை. எந்தப் படை பொருத்துகிறது என்பதே கேள்வி. கடலிலிருந்து உள்ள தூரம் என்ற ஒரே படையை மட்டும் வைத்தாலும் ஏறத்தாழ இதே பொருத்தம் வரும். ஏனெனில் அலை கடலிலிருந்துதான் வந்தது. உயரப் படையை எடுத்துவிட்டு, அதே எண்களை இடம் மாற்றிக் கலைத்துப்போட்ட ஒரு போலிப் படையை வைத்துக் கூட்டிப் பார்ப்பது ஒரு பிற்பகல் வேலை. பொருத்தம் குறையாவிட்டால் உயரப் படை அலங்காரம். இச்சோதனையைச் செய்து காட்டாமல் தரும் ஒப்புமைச் சதவீதங்களுக்கு மதிப்புக் கொடுக்க நான் தயாராக இல்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. எஸ்.ஆர்.டி.எம். பழையது, மரமுடியும் கட்டடமும் நீக்கித் திருத்திய உலகளாவிய உயரத் தரவுகள் வந்துவிட்டன, லேசர் அளவீடு செய்தால் சில பத்துச் சென்ரிமீற்றர் துல்லியமே கிட்டும், ஆகவே குறை மூலத்தில்தானே தவிர முறையில் இல்லை என்பார்கள். முதற்பாதியை ஏற்கிறேன். இயந்திரக் கற்றல் நெறிமுறைகளால் திருத்திய கரையோரத் தரவுகள் சராசரிச் சாய்வைப் பெருமளவு குறைத்துள்ளன. ஆனால் உலகச் சராசரி சரியாவதும் நாவலடியின் ஒரு குறிப்பிட்ட கட்டம் சரியாவதும் ஒன்றல்ல, மிஞ்சும் பிழை இன்னும் மீற்றர் அளவில்தான் இருக்கிறது. லேசர் அளவீட்டை வரவேற்கிறேன். மாரிமழை வெள்ளத்துக்கும் சூறாவளிக் கடலெழுச்சிக்கும் அரை மீற்றர் உயர வேறுபாடு ஒரு வீட்டை நனையாமல் காக்கும். அந்த இடர்களுக்கு நல்ல உயரத் தரவு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. ஆழிப்பேரலைக்கு நிலை வேறு. பல மீற்றர் உயரத்தில் வந்து மோதும் நீருக்கு முன் 2 மீற்றர் நிலத்துக்கும் 3 மீற்றர் நிலத்துக்கும் உள்ள வேறுபாடு நீரின் ஆழத்தைச் சற்று மாற்றும். உயிர் பிழைப்பதை முடிவு செய்யாது. மேலும் இங்கே நிலமே நிலையானதல்ல. கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தவர் யாரும், அத்திவாரத்தின் கீழ் மணல் இடம்பெயராமல் அது சாய்ந்திருக்க முடியாது என்பதை ஒப்புவர். அலைக்கு முன் எடுத்த துல்லியமான உயரம் அலை ஓடும்போது அதே துல்லியத்தோடு இருப்பதில்லை. மூலத்தை மாற்றினால் பச்சைத் திட்டுகள் இடம் மாறும். அவற்றின் பொருளின்மை மாறாது.

தூரப் படைக்கு வருவோம். 2005இல் அரசு அறிவித்த கட்டடத் தடை வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதன் அரசியலும் பின்னர் அது தளர்த்தப்பட்ட கதையும் நிறையவே எழுதப்பட்டுவிட்டன. வரைபடவியல் நோக்கில் அதன் அடிப்படை மட்டும் இங்கே வேண்டும்: கடலிலிருந்து விலகவிலக ஆபத்து குறையும் என்பது அதன் எடுகோள். ஒரு பக்கம் மட்டும் நீர் உள்ள கரைக்கு இது பொருந்தும். கல்லடியும் அடங்கிய எழுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை, அப்படிப்பட்டதல்ல. கிழக்கே கடல், மேற்கே 56 கிலோமீற்றர் நீளமான வாவி. வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம். நடுக்கோட்டைத் தாண்டியபின் கடலிலிருந்து விலகும் ஒவ்வோர் அடியும் வாவிக்கு நெருங்கும் அடி. டிசம்பர் மாரிகாலம், வாவி நிறைந்து, ஆற்றுவாய் திறந்து கிடக்கும் பருவம். நாவலடியில் மணற்றிட்டின் அகலமே சில நூறு மீற்றர்; அங்கே 200 மீற்றர்க் கோட்டுக்கு அப்பால் மிஞ்சுவது வாவிக்கரை ஒதுக்கம்தான். வாவியோரத்தில் நிற்பவர் கடலிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் படத்தில் மிகப் பாதுகாப்பானவர். உண்மையில் அவர் பின்னால் நீர், முன்னால் அலை, ஓடுவதற்கு இடமில்லாதவர். நீச்சலும் தோணியும் தெரிந்தவர்களின் ஊர் என்பதைச் சிலர் நினைவூட்டக்கூடும். குழந்தைகளையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டு அந்த மறுப்பை நீட்டிக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

எனவே அலகை மாற்ற வேண்டியிருக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் ஆபத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வாசலிலிருந்தும் மணற்றிட்டுக்கு வெளியே போகும் வழியை அளக்க வேண்டும். சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது 2004 டிசம்பர் 26 காலை இலங்கை நேரம் 7 மணிக்குச் சற்று முன். கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதே மூலத்திலிருந்து இன்னோர் அலை புறப்பட்டால் இந்த அவகாசம் பெரிதாக மாறாது. அதில் எச்சரிக்கை கணிக்கப்பட்டு, கொழும்பிலிருந்து மாவட்டத்துக்கும், மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்கும், கிராம சேவையாளர் வழியாக வாசலுக்கும் வரும் நேரத்தைக் கழியுங்கள். மிச்சத்திலிருந்து நடைநேரத்தைக் கழியுங்கள். முதியவரும் குழந்தையும் உள்ள குடும்பம் நொடிக்கு 1 மீற்றர் நடந்தால் 3 கிலோமீற்றருக்கு 50 நிமிடம். எஞ்சும் எண் அந்த வீட்டின் உண்மையான இடர் மதிப்பு. சாலை வலையமைப்பைக் கொண்டு இதைக் கணிப்பது இன்று எந்தப் புவியியல் தகவல் மென்பொருளிலும் சாதாரண வேலை.

இவ்வளவீடு பழைய படத்தோடு எங்கே மோதுகிறது என்பதற்குப் பாலங்களே சாட்சி. 2004இல் கல்லடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போக இருந்தது 1924இல் திறந்த லேடி மன்னிங் பாலம் ஒன்றே. ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான இரும்புப் பாலம். 2013இல் அதன் அருகே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தெற்கே, படகுத்துறையை மட்டும் நம்பியிருந்த மண்முனையில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை இணைக்கும் பாலமும் வந்தது. உயரம், சரிவு, தூரம் எதுவும் மாறவில்லை; ஆகவே 2012இல் வரைந்த இடர்வரைபடமும் 2015இல் வரைந்த இடர்வரைபடமும் பழைய முறைப்படி ஒரே நிறத்தில்தான் இருக்கும். வழியை அளந்தால் இவ்விரண்டு ஆண்டுகளில் எழுவான்கரையின் வடபகுதி முழுவதும் தரம் மாறியிருக்கும். நாவலடிக்கு மட்டும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அங்கிருந்து பாலத்துக்குப் போகும் வீதி கடலுக்குச் சமாந்தரமாகவே நெடுந்தூரம் ஓடுகிறது, அதாவது தப்பியோடும் வழியே அலையின் வழியில் கிடக்கிறது. ஒரு கரையோரத்தின் இவ்வளவு பெரிய இடர்க்குறைப்பு நடவடிக்கையைப் பதிவு செய்யத் தெரியாத வரைபடத்தை இடர்வரைபடம் என்று எப்படி அழைப்பது?

பாலம் நெரிசலில் அடைபடும், நில அதிர்ச்சியில் சேதமாகும், ஆகவே அதை நம்பிக் கணிப்பது ஆபத்து என்று ஒரு தடை எழலாம். தொலைவில் நிகழும் அதிர்ச்சி கல்லடியில் பாலத்தை உடைக்கும் வலுவோடு வருவதில்லை என்பதால் இரண்டாவதைத் தள்ளிவிடலாம். முதலாவது மெய்யான தடை. ஆனால் அது என் அளவீட்டுக்குள் அடங்கக்கூடியது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல், சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவு அதிர்ச்சிக்குப் பின் எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது கிழக்குக் கரை மக்கள் உள்நாட்டை நோக்கி நகர்ந்தார்கள். பெரிய அலை வரவில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் ஒரே வாயிலை நோக்கி வருவார்கள் என்பதை அன்றைய நாள் உறுதி செய்தது. ஆகவே நடைநேரத்தோடு வாயிலின் கொள்ளளவையும் சேர்க்க வேண்டும். பாலத்தை அடைய முடியாத வீடுகளுக்கு வலுவான மாடிக் கட்டடங்களை மாற்று இலக்காக வைக்க வேண்டும். கணக்கு சிக்கலாகும் என்பது உண்மைதான். உயரப் படை எளிதாக இருப்பது அது எதையும் சொல்லாததால்.

மண்சரிவு ஆய்வாளர்கள் இதைத் தங்களுக்குத் தொடர்பற்ற கரையோர விவகாரம் என்று கருதத் தேவையில்லை. கல்லடிப் பாலத்தைக் கடக்கும் அதே ஏ4 வீதிதான் ஊவாவில் கொஸ்லாந்தையைக் கடக்கிறது. அதற்கு மேலே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்ரோபர் 29 காலை மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளான லயன் வரிசைகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். அங்கே கட்டம் சரியாகவே நிறமிடப்பட்டிருந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தவறியது உயரமோ சரிவோ பாறையோ அல்ல. தமக்கென நிலமில்லாத, தோட்டம் கொடுத்த லயன் அறையை விட்டால் போக்கிடம் இல்லாத தொழிலாளர் குடும்பங்களுக்கு வெளியேறும் வழி எதுவும் இருக்கவில்லை என்பது நூறு புள்ளிகளில் ஒரு புள்ளியாகக்கூட வரவில்லை. மலையில் துல்லியமான கட்டமும் கடற்கரையில் துல்லியமற்ற கட்டமும் ஒரே இடத்தில் பார்வை இழக்கின்றன.

என் வாதம் பிழையானால் அதைக் காட்டவும் ஓரிடம் இருக்கிறது. வழியை அளக்கும் படம் ஒரு தெளிவான எதிர்வுகூறலைத் தருகிறது: இன்றைய எழுவான்கரையில் நாவலடிக்கு அடுத்தபடியாகக் கவலைக்குரியது கல்லடியின் கடலோரத் தெருக்கள் அல்ல, கல்லடிப் பாலத்துக்கும் மண்முனைப் பாலத்துக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் தொலைவாக, மிக நெருங்கிக் குடியிருக்கும் காத்தான்குடிப் பக்கத்தின் வாவியோரம். பழைய முறை அதைத் தூரத்தைக் கொண்டு பச்சையாக்கும். கிராம சேவையாளர் பிரிவுகளின் குடித்தொகையை, பள்ளி நேரத்துக்கும் இரவு நேரத்துக்கும் தனித்தனியாக, வீதி வலையமைப்பில் ஏற்றி ஒரு வெளியேற்ற ஒத்திகையோடு ஒப்பிட்டால் இரண்டு படங்களில் எது நிற்கிறது என்று தெரிந்துவிடும்.